விசைப்படகு கேபினுக்கு பேட்டரியில் ஓடும் மானிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டிருப்பவர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கேபினில் ஒரு சிறிய கணினியை வைத்து, ஓப்பன்சிபிஎன் மென்பொருளில் கடல் வரைபடம் பார்க்கிறார்கள். அதற்கு வீட்டு உபயோக 22 அங்குல மானிட்டர் ஒன்று இன்வெர்ட்டரில் ஓடுகிறது. நங்கூரம் போட்டுக் கிடக்கும் இரவுகளில் பேட்டரி இறங்கி, விடியற்காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. “இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட்டில் நேராக ஓடும் மானிட்டர் வாங்கலாமா, எந்த மாடல் நல்லது?” என்று கேட்கிறார்.

தம்பி, மாடல் பெயர் சொல்வதில் பயனில்லை. இன்று கடையில் இருக்கும் மாடல் அடுத்த மீன்பிடித் தடைக்காலத்துக்குள் மாறிவிடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் நாகையிலோ தஞ்சாவூரிலோ எந்தக் கடையிலும் நீங்களே எடுத்துவிடலாம்.

முதலில் ஒன்று. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாததற்கு மானிட்டர் மட்டும் காரணமில்லை. ஸ்டார்ட்டருக்கும் விளக்கு, ஒயர்லெஸ், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியை வைத்திருப்பதுதான் பெரிய காரணம். எவ்வளவு சிக்கனமான மானிட்டர் வாங்கினாலும் இது தீராது. ஸ்டார்ட்டருக்குத் தனி பேட்டரி, மற்றவற்றுக்குத் தனி பேட்டரி என்று பிரித்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே ஒன்றைப் போடுங்கள். இதைச் செய்யாமல் மானிட்டருக்குச் செலவழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்வெர்ட்டரை எடுக்க நினைப்பது சரிதான். 22 அங்குல எல்இடி மானிட்டர் சுமார் 20 முதல் 25 வாட் எடுக்கும். இன்வெர்ட்டர் வழியாகப் போகும்போது 12 வோல்ட் 230 ஆக ஏறி, மானிட்டரின் அடாப்டரில் மறுபடியும் 12க்கோ 19க்கோ இறங்குகிறது. இரண்டு இடத்திலும் சேதாரம். போதாததற்கு, இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகிக் கிடந்தாலே சில வாட் தின்னும். மானிட்டரை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மறந்துவிட்டால் அது விடிய விடியத் தின்றுகொண்டே இருக்கும். 22 வாட் திரைக்கு பேட்டரியிலிருந்து 35 வாட் போனால்கூட ஆச்சரியமில்லை, அதாவது ஏறக்குறைய 3 ஆம்பியர். இன்வெர்ட்டர் இல்லாமல் நேர்மின் (டிசி) வழியில் அதே திரைக்கு 2 ஆம்பியர் போதும். பத்து மணி நேர இரவில் 10 ஆம்பியர்-மணி மிச்சம். இன்ஜின் ஓடி ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, நங்கூரத்தில் கிடக்கும்போதுதான் தெரியும்.

இனி ‘12 வோல்ட்டில் நேராக ஓடும் மானிட்டர்’ என்பதற்கு வருகிறேன். சந்தையில் அடாப்டர் வெளியே தொங்கும் மானிட்டர்கள் பல உண்டு. அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் போட்டு, பக்கத்தில் 12 வோல்ட் 2.5 ஆம்பியர் என்றோ, 14 வோல்ட் என்றோ, 19 வோல்ட் என்றோ இருந்தால் அது நேர்மின். 100-240 வோல்ட் என்று எழுதி ஓர் அலைக்கோடு இருந்தால் மின்மாற்று வேலை மானிட்டருக்கு உள்ளேயே நடக்கிறது, அதை வாங்காதீர்கள். உட்பலகையைத் திறந்து வயர் இழுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

ஸ்டிக்கரில் 12 என்று இருந்தால் படகு பேட்டரியில் நேரே சொருகிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த 12, வீட்டு அடாப்டர் கொடுக்கும் 12. ஏறாது, இறங்காது. படகு பேட்டரியின் கதை வேறு. உங்கள் மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 அல்லது 12.7 காட்டும். பாதி தீர்ந்தால் 12.2 பக்கம் வரும். ஸ்டார்ட்டரைத் தட்டிய நொடியில் 10க்குக் கீழேகூட இறங்கும். சாதாரண மீட்டர் அதைப் பிடிக்கத் தவறலாம், குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் மீட்டர் என்றால் தெரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் 14.2, 14.4 என்று ஏறி நிற்கும். ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் பழுதானால் 15ஐத் தாண்டி 16 வரை போவதும் உண்டு. அதாவது, அந்த மானிட்டர் 12ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, படகு அதற்கு 10க்குக் கீழிருந்து 16 வரை எதையும் கொடுக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. உப்பு பூத்துப் பச்சைப் பொடி கட்டிய பேட்டரி டெர்மினலை எல்லாப் படகிலும் பார்க்கலாம். இன்ஜின் ஓடி ஆல்டர்நேட்டர் நல்ல சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், படகு அலையில் குதித்து அந்த டெர்மினல் ஒரு கணம் விட்டுப் பிடித்தால், பேட்டரிக்குப் போக வேண்டிய மின்சாரம் போக இடமில்லாமல் வயரிங் முழுக்க வோல்ட்டேஜைப் பல மடங்கு எகிறச் செய்யும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரம்தான். விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அடங்கும். நேரே சொருகிய மானிட்டர் மறுபடி எரியாது. ‘மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது, திடீரென்று செத்துவிட்டது’ என்று கேள்விப்படுகிறீர்களே, அவற்றில் பல இப்படிப் போனவைதான்.

ஆகவே என் பதில் இதுதான்: அடாப்டர் வெளியே இருக்கும் சாதாரண மானிட்டரை வாங்குங்கள், அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு தரமான நேர்மின் கன்வெர்ட்டரைப் போடுங்கள். காசை மானிட்டரில் மிச்சம் பிடித்து கன்வெர்ட்டரில் போடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கன்வெர்ட்டரில் என்ன பார்ப்பது? உள்ளே வரும் வோல்ட்டேஜின் எல்லை 9 முதல் 36 என்று இருப்பதை எடுத்தால் 12 வோல்ட் படகுக்கும் ஆகும், 24 வோல்ட் படகுக்கும் ஆகும். வெளியே வரும் வோல்ட்டேஜ் மானிட்டர் ஸ்டிக்கரில் உள்ளதுடன் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் ஸ்டிக்கரில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அடைத்த கேபினில் வெயிலில் அது வேகப்போகிறது. விசிறி வைத்த கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம். விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கும். அலுமினிய உடம்பும், உள்ளே பிசின் ஊற்றி அடைத்த பலகையும் உள்ளதாகப் பாருங்கள்.

இதில் ஒரு நுணுக்கம், கடைக்காரர்களே பலர் கவனிக்காதது. 12 வோல்ட் படகில் 12 வோல்ட் மானிட்டர் ஓட வேண்டுமென்றால், கன்வெர்ட்டர் சில நேரம் ஏற்ற வேண்டும், சில நேரம் இறக்க வேண்டும். இறக்க மட்டும் தெரிந்ததைப் போட்டால் பேட்டரி 12.5க்கு வந்ததுமே அது திணறத் தொடங்கும், வெளியே 11.5தான் வரும், ஸ்டார்ட் செய்யும்போது திரை அணைந்துவிடும். ஏற்றவும் இறக்கவும் தெரிந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். 19 வோல்ட் மானிட்டராக இருந்தால் 12 வோல்ட் படகுக்கு ஏற்றும் வகை போதும். உங்கள் படகு 24 வோல்ட் என்றால் 12 வோல்ட் மானிட்டரே மிக எளிது: எந்த நிலையிலும் பேட்டரி 12க்கு மேலேயேதான் இருக்கும், இறக்கும் வகை போதும். 24 வோல்ட் படகில் 19 வோல்ட் மானிட்டர்தான் தொல்லை; ஸ்டார்ட்டர் இழுக்கும் நொடியில் பேட்டரி 18க்கு வந்தால் திரை ஒருமுறை கண் சிமிட்டும்.

24 வோல்ட் படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் துறைமுகம் துறைமுகமாக இருக்கிறது. செலவில்லாத வழி என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்கும். ஆல்டர்நேட்டர் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. அது 28 சொச்சம் வந்ததும் சார்ஜ் முடிந்தது என்று எண்ணிக்கொள்ளும். இறங்கிய பேட்டரிக்குக் குறைவாகவும் இறங்காததற்கு அதிகமாகவும் போய்ச் சேரும். ஒன்று பட்டினியில் சாகும், இன்னொன்று தண்ணீர் கொதித்துச் சாகும். ஒரு கன்வெர்ட்டர் விலையை மிச்சம் பிடிக்க இரண்டு பேட்டரியைப் பலி கொடுப்பது எந்தக் கணக்கு?

திரை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கடையில் எல்லோரும் பகலைத்தான் நினைக்கிறார்கள். சாதாரண மானிட்டரின் வெளிச்சம் 250 நிட். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கேபினில், காலையில் கிழக்கே போகும்போது அது மங்கலாகத்தான் தெரியும். நேர் வெயிலில் படிக்க 1000 நிட் வேண்டும். ஆனால் அந்தத் திரைகளின் விலையும் மின் பசியும் வேறு. மேலே ஒரு நிழல் தடுப்பு வைத்து, பளபளக்காத மேற்பரப்பு உள்ள 300 அல்லது 400 நிட் திரையை வைத்தால் கேபினுக்குள் சமாளிக்கலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடும் ஓட்டுநர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே கடையில் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியே கறுப்பாகிவிடும்.

பகலைவிட இரவுதான் முக்கியம். மல்லிப்பட்டினத்திலிருந்து பழையாறு வரை விளக்கில்லாமல் நிற்கும் சிறு ஃபைபர் படகு எத்தனை, மிதக்கும் வலை எத்தனை என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டில் ஓட்டுநரின் கண் பழகுவதற்கு 20, 30 நிமிடம் ஆகும். வெள்ளைத் திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் அத்தனையும் போச்சு. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாலும் வீட்டு மானிட்டர் இருட்டுக் கடலில் டியூப்லைட் மாதிரிதான் எரியும். ஓப்பன்சிபிஎன்னில் பகல், அந்தி, இரவு என்று மூன்று நிறத் திட்டம் உண்டு, எஃப்5 விசையைத் தட்டினால் மாறும். அது வரைபடத்தை இருட்டாக்கும், பின்விளக்கை அல்ல. அதற்கு மேல் கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புப் படலத்தை ஒரு மெல்லிய அக்ரிலிக் தகட்டில் ஒட்டி, இரவில் திரைக்கு முன்னால் மாட்டிக் காலையில் கழற்றும்படி செய்தால் காரியம் முடிந்தது. கடைக்குப் போகும்போது வெளிச்சத்தை பூஜ்யத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பொத்தான் மானிட்டரின் பின்னால் ஒளிந்திருந்தால் அதையும் கவனியுங்கள். இருட்டில், ஆடும் படகில், ஐந்து பட்டியல் தாண்டி வெளிச்சத்தைக் குறைக்க யாராலும் முடியாது.

பார்க்கும் கோணத்துக்கு ஐபிஎஸ் திரையே எடுங்கள். ஓட்டுநர் நின்றுகொண்டும் சாய்ந்துகொண்டும் பார்ப்பார். விலை குறைந்த டிஎன் திரை பக்கவாட்டிலும் கீழிருந்தும் நிறம் மாறித் தெரியும். தொடுதிரை வேண்டாம். ஈரக் கையும் உப்புத் துளியும் பட்டால் வரைபடம் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அளவு 19 முதல் 22 அங்குலம் போதும்.

கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறைகளுக்குப் போகும் மானிட்டர்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பஸ், லாரிகளுக்கான அந்தத் திரைகள் 10 முதல் 32 வோல்ட் வரை நேரே தாங்கும் என்று எழுதியிருக்கும், அதிர்ச்சியையும் தாங்கும். நல்ல யோசனைதான், ஆனால் 7, 10 அங்குல வகைகளின் தெளிவு வரைபடத்துக்குப் போதாது. ஆழத்தைக் காட்டும் சிறு எண்கள் மங்கலாகத் தெரியும். கேமரா பார்க்க மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். யுஎஸ்பி-சி வயரில் ஓடும் 15.6 அங்குலக் கையடக்கத் திரை, முத்துப்பேட்டை அலையாத்திக்குள் போகும் சிறு படகுக்குச் சரி: 10 வாட் அளவில் ஓடும், வேலை முடிந்ததும் பையில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் விசைப்படகின் அதிர்வுக்கு அந்தச் சிறு சொருகி தாங்காது. கப்பலுக்கென்றே வரும் மானிட்டர்கள் எல்லா விதத்திலும் சிறந்தவை. நேரே 9-36 வோல்ட், முன்பக்கம் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரம், இரவில் ஏறக்குறைய முழு இருட்டு வரை குறையும். விலையோ நான் சொல்லும் ஏற்பாட்டைப் போலப் பல மடங்கு. கேபின் கதவு திறந்தே கிடந்து, வாடைக் காற்றில் சாரல் திரை மேலேயே அடிக்கும் படகு என்றால் அதுதான் வழி. மூடிய கேபின் என்றால் தேவையில்லை.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. இன்ஜின் அறை பேட்டரியிலிருந்து கேபின் வரை 10 மீட்டர் என்று வையுங்கள். போக வர 20 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 2 ஆம்பியர் போனால் வழியிலேயே முக்கால் வோல்ட் தொலையும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3 வோல்ட்தான். கன்வெர்ட்டரைக் கேபினில், மானிட்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்ஜின் அறையில் வேண்டாம். ஃபியூஸ் மட்டும் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும், 5 ஆம்பியர் போதும். நடுவழியில் வயர் உரசிக் குறுக்கிணைந்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். வெள்ளீயம் பூசப்பட்ட செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்; வெறும் செம்பு ஓர் ஆண்டில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

மானிட்டரின் சொருகி விஷயத்தில் ஒரு சுருக்கு வழி. வெளி விட்டம் ஒன்றாக இருந்தாலும் உள்துளை 2.1, 2.5 மில்லிமீட்டர் என்று மாறும். தளர்வாகப் பொருந்தி அதிர்வில் விட்டு விட்டு எரியும். மானிட்டருடன் வந்த அடாப்டரின் வயரையே அடாப்டர் பக்கம் வெட்டி, கன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். வெட்டும் முன் மீட்டரில் எது நேர் (பாசிட்டிவ்), எது எதிர் (நெகட்டிவ்) என்று பார்த்துக் குறித்துவையுங்கள். கணினிக்கும் மானிட்டருக்கும் எதிர் முனை ஒரே இடத்திலிருந்து வரட்டும். இரண்டுக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து, மானிட்டரின் எதிர் வயர் எங்காவது விட்டுப்போனால், முழு மின்னோட்டமும் எச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாகத் திரும்பும். கணினியின் துளை கருகும்.

கடைசியில் எல்லாம் பொருத்திய பின் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. விஎச்எஃப் ஒயர்லெஸ்ஸை 16ஆம் சேனலில் வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் அடங்கும் விளிம்பு வரை திருப்புங்கள். இப்போது மானிட்டரை ஆன் செய்யுங்கள். இரைச்சல் திறந்துகொண்டால் கன்வெர்ட்டரோ எச்டிஎம்ஐ கேபிளோ ஒயர்லெஸ்ஸின் காதை அடைக்கிறது என்று பொருள். மலிவான கன்வெர்ட்டரில் இது சாதாரணம். 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், கப்பல்கள் தங்கள் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் அதற்குச் சற்று மேலே 162 அருகில், இரண்டும் சேர்ந்தே பாதிக்கும். பக்கத்துப் படகு கூப்பிடுவது கேட்காமல் போகும், கப்பல் வருவது திரையில் தாமதமாகத் தெரியும், காரணம் மட்டும் யாருக்கும் புரியாது. வயர்களில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள், ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். அடங்கவில்லை என்றால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள். திசைகாட்டியையும் ஒருமுறை பாருங்கள்: மானிட்டரை அருகே கொண்டுவரும்போது முள் நகர்ந்தால் அந்த இடம் ஆகாது. ஸ்பீக்கர் உள்ள மானிட்டரில் காந்தம் இருக்கிறது.

கோடியக்கரைக்குத் தெற்கே போகும் படகு என்றால் இன்னொரு வார்த்தை. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டைக் கணினித் திரையை மட்டும் நம்பிக் கணிக்காதீர்கள். மானிட்டர் அணைந்தாலும் ஓடும்படி, பழைய ஜிபிஎஸ் கருவி தனி ஃபியூஸில் இருக்கட்டும்.

பொருத்தும்போது பின்பக்கத்தின் நான்கு திருகுத் துளைகளையே பயன்படுத்துங்கள். 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். மேசைக் கால் உதவாது. இன்ஜின் அதிர்வு நேரே போகாதபடி நடுவே ரப்பர் வாஷர், நைலான் பிடி நட்டு. எச்டிஎம்ஐ சொருகிக்குப் பூட்டு கிடையாது, கேபிளை அரை அடிக்குள் ஒரு கட்டுப் போட்டு நிறுத்துங்கள்.

இதையெல்லாம் ஓடும் படகில் அரைகுறையாகச் செய்ய வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். அதற்கு முன் கேபினில் ஒரு மீட்டரை வைத்து, இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது, ஓடும்போது, விளக்கெல்லாம் போட்டு நங்கூரத்தில் கிடக்கும்போது என்று மூன்று அளவையும் குறித்து, மானிட்டர் ஸ்டிக்கரின் படத்தோடு அனுப்புங்கள். எந்தக் கன்வெர்ட்டர் என்று சொல்கிறேன். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்றைப் பொருத்திவிட்டு, மற்றதை நாலைந்து ஃபியூஸுடன் இறுக மூடும் டப்பாவில் போட்டுக் கேபினிலேயே வைத்துவிடுங்கள்.